வண்டியின் இடது பக்கம்

என் கணவர் பஸ் டிரைவர். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் அந்த ஒரே சாலையில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர். எந்த வீட்டு மாடு எந்த நேரத்தில் ரோட்டைக் கடக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். அதனாலேயே அவருக்கு அந்தச் சாலை சலித்துப்போயிருந்தது.

"ஒரு தபா வேற எதுனா பாக்கணும். பாத்ததயே பாத்துகினு எம்மா நாளு ஓட்றது" என்பார்.

அப்போதுதான் ஒரு ரொட்டிக் கம்பெனியின் பழைய வேன் விலைக்கு வந்தது. வாங்கிவந்து வாசலில் நிறுத்திவிட்டு, லீவு நாளிலெல்லாம் அதோடே கிடந்தார். பக்கவாட்டுத் தகரத்தை வெட்டி இரண்டு ஜன்னல் வைத்தார். உள்ளே படுக்கப் பலகை, மண்ணெண்ணெய் ஸ்டவ் வைக்க ஒரு மேடை, தண்ணீருக்கு ஒரு நீல டிரம். ஜன்னல் துணியை நான் தைத்தேன். தெருவில் எல்லோரும் அதை வண்டி வூடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். என்ன கழுவியும் உள்ளே பன் வாசனை போகவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் புதிதாகப் போட்டு முடித்திருந்த சமயம் அது. ஆயுத பூஜையன்று வேனுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, மறுநாள் காலையில் கிளம்பினோம். அவர், நான், ஏழாவது படிக்கும் எங்கள் மகள், அவருடைய அக்கா. அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவனை இழந்து எங்களோடு இருந்தவர். கொஞ்சம் தெலுங்கு பேசுவார் என்பதால் ஆந்திராவுக்கு அவர்தான் வழிகாட்டி என்று ஏற்பாடு. காஞ்சிபுரம், வேலூர் வழியாகக் கர்நாடகம் போய், அங்கிருந்து ஆந்திராவுக்குள் திரும்பி, நெல்லூர் வழியாக இறங்கி, சென்னை தாண்டிக் கடலோரமாகவே வீடு வந்து சேர்வது என்று திட்டம்.

மகளுக்கும் அவருக்கும் ஒரு போட்டி. ரோட்டோரத்தில் எதையாவது முதலில் பார்த்தவர் சொல்ல வேண்டும். மயில், காற்றாடி, ரயில் கேட், மஞ்சள் பூசிய டிராக்டர், எதுவாக இருந்தாலும். டிரைவர் கண் என்பதால் அவர்தான் ஜெயிப்பார். மகள் வாயைத் திறப்பதற்குள், "ரைட்ல ஒட்டகம் மாதிரி ஒரு பாற, லெப்டுல சாமந்தி மூட்ட" என்று அடுக்குவார். தும்கூர் தாண்டி தசராவுக்கு அலங்கரித்த மாடுகள் எதிரே வந்தன. கொம்புக்குப் பச்சையும் சிவப்பும் பூசியிருந்தார்கள். ரோட்டில் பாதியை மறித்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். மலைமேல் வரிசையாகக் காற்றாலைகள் சுற்றின. நான் அதுவரை திருப்பதிக்கு மேல் போனதில்லை. உலகம் இவ்வளவு அகலமா என்று இருந்தது.

சித்ரதுர்கா தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் தங்கினோம். விடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. தலை பிளக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். முந்தின நாள் வெயிலும் பித்தமும் என்று நினைத்து, மாத்திரை கொடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். மத்தியானம் வரைக்கும் வேப்பமர நிழலில் படுத்துக் கிடந்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "இப்ப தேவல. போலாம்" என்றார்.

அன்றைக்கு மகள் தொடர்ந்து ஜெயித்தாள். "லெப்டுல கழுத, லெப்டுல கோயில் தேரு, லெப்டுல பஞ்சு மூட்ட." அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். குழந்தைக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். பெல்லாரி நெருங்கும்போது, வைக்கோல் ஏற்றிப்போன ஒரு மாட்டுவண்டியில் எங்கள் இடது பக்கக் கண்ணாடி உரசி மடங்கியது. வண்டிக்காரர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். இவர் நிறுத்தாமல், "வண்டிய நடுவுல ஓட்டினு வரான் பாரு" என்றார். அந்த வண்டி நடுவில் வரவில்லை. மண்ணில் இறங்கி ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். டிரைவரை வழியில் குறை சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு.

அடுத்த நாள் கடப்பா பக்கம் போகும்போது ரோட்டின் இரண்டு புறமும் கருங்கல் பலகைகளை வேலி மாதிரி நட்டுவைத்திருந்தார்கள். மதியம் ஒரு ஏரிக்கரையில் நிறுத்திச் சமைத்தேன். சோறு, சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல். தட்டில் அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். சாம்பார் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னாம்மே, பொரியல் பண்ணலியா" என்று கேட்டார்.

பொரியல் அவர் தட்டில்தான் இருந்தது. இடது ஓரத்தில். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் சோறும் இருந்தது. நடுவில் கோடு போட்டது போல வலது பாதி மட்டும் காலியாகியிருந்தது.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறார். எனக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் வைப்பவள் போலக் குனிந்து, தட்டைப் பிடித்து அப்படியே திருப்பினேன்.

"அட, எப்ப வெச்ச" என்று பொரியலை எடுத்துச் சாப்பிட்டார்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாட்டுவண்டி, கழுதை, தேர், மகள் ஜெயித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் இடது பக்கம். நேற்று மத்தியானத்திலிருந்து இந்த மனிதர் பாதி ரோட்டைப் பார்த்துக்கொண்டு எங்களை ஓட்டிவந்திருக்கிறார்.

பாத்திரம் கழுவும்போது அண்ணியிடம் சொன்னேன். அண்ணி நம்பவில்லை.

"கண்ணு போயிருந்தா அவுனுக்கே தெரியாதாம்மா? களப்பா கீறான், அவ்ளோதான்."

"அண்ணி, நீங்களே போய் அவரு லெப்டுல நில்லுங்க. பேசாதீங்க."

அவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி ஈரக் கையோடு போய் இடது பக்கம் ஒரு கை தூரத்தில் நின்றார். அவர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், "அக்கா எங்க, கெளம்பலாமா" என்றார். அண்ணியின் முகம் வெளுத்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சொல்லிவிட்டோம். அண்ணிதான் சொன்னார். அவர் முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது.

"எனுக்குக் கண்ணு தெரியலன்னா இம்மாந்தூரம் எப்டி ஓட்டினு வந்தேன்? எனுக்கு எல்லாமே நல்லாதான் தெரியிது. இருட்டா எதுவும் இல்ல, மங்கலா எதுவும் இல்ல."

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பொய் சொல்லவில்லை அவர். மறைக்கவும் இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருக்கிற நினைப்பே அவருக்கு இல்லை. தலையைத் திருப்பு என்று சொன்னால் திருப்பினார், பார்த்தார், "தோ தெரியிதே" என்றார். தலையை நேராக வைத்ததும் அது அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

"இங்கயே வண்டிய விட்டுட்டு பஸ்ல போயிடலாங்க" என்றேன்.

"திங்கக்கெழம டூட்டி. வண்டிய யாரு பாத்துக்குவா?"

"வேற டிரைவர் யாராவது பிடிக்கலாம்."

"டிரைவர் வூட்டு வண்டிக்கு இன்னொரு டிரைவரா? ஊரு சிரிக்கும். மெதுவா போறேன், வா."

ஏரிக்கரையில் வேறு ஆள் இல்லை. வண்டி ஓட்ட எங்கள் யாருக்கும் தெரியாது. மகளைப் பின்னால் பலகையில் படுக்கவைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னேன். நான் முன்னால் போய், அவருக்கு இடது பக்க சீட்டில் உட்கார்ந்தேன். பார்ப்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். சைக்கிள் போகுது. ஆடு வருது. ரெண்டு பொம்பளைங்க நடக்கிறாங்க. பள்ளம். லாரி நிக்குது. லாரிக்கு முன்னாடி ஆள் நிக்கிறான். முதலில் எரிச்சலாக, "தெரியும், தெரியும்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பதிலும் நின்றுவிட்டது. நான் சொல்லும்போது வண்டி லேசாக வலது பக்கம் விலகும். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் வண்டி மெல்ல மெல்ல இடது ஓரத்துக்குச் சாயும்.

நெல்லூருக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. அன்று சீக்கிரமே ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒதுங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி கெஞ்சினார். நம்ம ஊர்லயே பார்த்துக்கலாம் என்று அவர் படுத்துவிட்டார். எனக்குத் திங்கட்கிழமையை நினைத்துத்தான் பயம். இந்த வண்டியில் நாங்கள் நாலு பேர்தான். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களை எனக்கு முகம் தெரியும். கூடையோடு ஏறும் நர்ஸ், ஜன்னலில் சாய்ந்து தூங்கும் பெரியவர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வரும் பெண்கள். அந்த பஸ்ஸில் இவருக்குச் சைக்கிள் வருது என்று சொல்ல யார் உட்கார்ந்திருப்பார்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் சென்னையில் கூட்டம் குறைவு. எப்படிக் கடந்தோம் என்று கேட்டால், அண்ணி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார், நான் தொண்டை வறள வறளக் கத்திக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். திருவான்மியூர் தாண்டியதும் ரோடு அகலமானது. அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "இனிமே நம்ம ஏரியா" என்றார்.

கோவளம் தாண்டி, மாமல்லபுரம் போகும் வழியில் தூறல் மறுபடி ஆரம்பித்தது. ஒரு திருப்பத்தில் சவுக்குத் தோப்பு முடிந்து கடல் திறந்தது. சாம்பல் நிறமாக, ரோட்டுக்கு மிகப் பக்கத்தில். படுத்திருந்த மகள் தன்னை மறந்து எழுந்து, "ப்பா, கடல்" என்றாள்.

"இன்னும் கடல் வரலயேம்மா" என்றார் அவர்.

தெற்கே போகிறவர்களுக்குக் கடல் இடது பக்கம். அவ்வளவு பெரிய கடல். நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் நான் ரோட்டைப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது, தலையில் மீன் கூடையோடு நாலைந்து பெண்கள் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்குத் தலைகுனிந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வண்டி அவர்களை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. கத்த நேரமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளினேன். அவர் பிரேக்கை மிதித்தார். வேன் வழுக்கி, ரோட்டைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றது. பின்னால் பாத்திரமெல்லாம் உருண்டது. எதிரே வண்டி எதுவும் வராததால் பிழைத்தோம்.

கடைசியில் நடந்த பெண்ணின் கூடையை வேனின் பின்பகுதி தட்டியிருந்தது. மீனெல்லாம் தார் ரோட்டில். அந்தப் பெண் முழங்கை சிராய்த்து உட்கார்ந்திருந்தார். வேறு அடி இல்லை. மற்றவர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது? இம்மாம் பேரு போறோம், தெரில?"

அவர் இறங்கி நின்றார். சிதறிக் கிடந்த மீனையும், சிராய்ப்போடு உட்கார்ந்திருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இவங்கள்லாம் எங்கேர்ந்து வந்தாங்க?"

"ரொம்ப நேரமா முன்னாடிதாங்க நடந்துகினு இருந்தாங்க."

கொஞ்ச நேரம் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தார். திரும்ப நேராகப் பார்த்தார். இதையே மூன்று நான்கு தடவை செய்தார். சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் அண்ணி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் அவர் முன்னால் குந்தி, கையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். "சீக்கிரம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. ஒக்காந்துகினு இருக்காத" என்றார். சிராய்ப்புக்கு நான் மருந்து போட்டுவிட்டேன். மீனை நாங்களும் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்தோம். வேனை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருவர், அவரைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை ஆட்டினார். வலது பக்க விரலை இவர் சரியாக எண்ணினார். இடது பக்கம் ஐந்து விரலும் ஆடிக்கொண்டிருந்தபோது, "ஆட்டுங்க டாக்டர், பாக்கறேன்" என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தலையின் பின்பக்கத்தில் சின்ன ரத்தக் குழாய் ஒன்று அடைத்திருக்கிறது என்றார்கள். தலைவலி வந்த காலையிலேயே அது நடந்திருக்கும். கண்ணில் கோளாறு இல்லை, கண் கொடுப்பதில் பாதியை மூளை வாங்கிக்கொள்ளவில்லை, அதனால்தான் அவருக்குக் குறை தெரியவில்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் இனி வண்டி ஓட்டக்கூடாது.

அவர் அதற்கு வாதாடவில்லை. திங்கட்கிழமை காலையில் வார்டில் படுத்தபடி, தான் வழக்கமாக பஸ்ஸை எடுக்கும் நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வேற ஆளு எடுத்திருப்பான்" என்றார்.

மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் பார்வை திரும்பியது. முழுசாக வரவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கப் பழகினார். பஸ் ஷெட்டிலேயே டயர், ஸ்பேர் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வேனை அந்த மணலிலிருந்து இழுத்துவந்து, பார்த்த முதல் ஆளுக்கே விற்றோம். மகள் அதற்குப் பிறகு போட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அண்ணி மட்டும் யார் கேட்டாலும், "நா தோள புடிச்சிகினு வரலன்னா மெட்ராஸ்லயே கத முடிஞ்சிருக்கும்" என்று சொல்லுவார்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் கொளவாய் ஏரிப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். ரயில் ஒன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு போனது. அவராகவே ஆரம்பித்தார்.

"அப்ப ஒனுக்கு பயமா இருந்துச்சா?"

"ரொம்ப. உங்களுக்கு?"

"எனுக்கு ஒண்ணுமே தோணல. நல்லா ஜாலியா ஓட்டினு வந்தேன். அத நெனச்சாதான் இப்ப பயமா கீது."

பிறகு, நான் அந்த நாட்களில் இடது பக்கம் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். சொன்னேன். நனைந்துகொண்டு நின்ற ஆட்டுக்காரர், பஞ்சு எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், பஸ்ஸுக்கு நின்ற ஒரு கல்யாணக் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிளில் பானை கட்டிப்போனவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்த மீன்காரம்மா தவர வேற யாரு மேலயும் படலயே?"

"இல்லீங்க."

"நிச்சயமா?"

"நான் முன்னாடி வந்து ஒக்காந்த பிறகு இல்ல" என்றேன்.

அதற்கு முன்னால் முழுசாக ஒரு நாள் அப்படியே ஓட்டியிருந்தார். மாட்டுவண்டியைத்தான் நாங்கள் பார்த்தோம். மற்ற நேரமெல்லாம் நான் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டும், தூங்கிக்கொண்டும் வந்தேன். அவர் இன்னொரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஏரியில் தண்ணீர் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியதும் எழுந்து, ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.